சுண்ணாம்புக்கு அடியில்

அந்த அம்மாள் இன்னும் அதன் முன்னாலேயே நிற்கிறாள். மற்றவற்றுக்கு முன்னால் இவ்வளவு நேரம் நிற்கவில்லை. பால்கனிக் கதவை ஒட்டிச் சாத்தியிருக்கும் பெரிய படத்துக்கு ஐந்து நிமிடம், அடுக்களைச் சுவரில் இருக்கும் சின்னப் படங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், குனிந்து பார்த்தாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டாள், அடுத்ததற்குப் போனாள். இதற்கு வந்ததும் நோட்டை மூடிவிட்டாள். கால்மணி நேரமாக மூடிய நோட்டுதான். மின்சாரம் மதியமே போய்விட்டது, மின்விசிறி நின்ற இடத்தில் நிற்கிறது, அவள் சட்டையின் முதுகில் வியர்வை படர்ந்து படர்ந்து இப்போது இடுப்புவரை வந்துவிட்டது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விட்டால் எழுந்துவிடுவேன். எழுந்தால் சொல்லிவிடுவேன். லிஸ்பனில் ஏதோ ஓர் அருங்காட்சியகம், அதில் ஓர் அறை முழுக்க எலிசேயோவின் படங்கள் மட்டும் வைக்கப்போகிறார்களாம், அதற்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறாள் இந்த இனேஸ் வலாதாரெஸ். எலிசேயோ செத்து ஆறு வருஷம் ஆகிறது. இது அவன் வீடு, இப்போது அவன் மனைவி சொராய்தாவின் வீடு, ஹவானாவுக்குக் கிழக்கே அலமார் என்கிற புறநகரில் தீப்பெட்டி அடுக்கினாற்போல் நிற்கும் ஐந்து மாடிக் கட்டடங்களில் ஒன்றில் நாலாவது மாடி. நான் அமாதோ. படங்களைச் சுவரிலிருந்து இறக்கவும் திருப்பிக் காட்டவும் வந்தவன். 'எலிசேயோவோட நாற்பது வருஷ சிநேகிதர், இவரும் வரைவார்' என்று சொராய்தா என்னை அறிமுகப்படுத்தினாள். இவரும் வரைவார். அந்த 'உம்' எவ்வளவு சின்னச் சத்தம், அதற்குள் என் அறுபத்து மூன்று வருஷமும் கால் மடக்கி உட்கார்ந்துவிடுகிறது. இந்த அம்மாள் கால்மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தை வரைந்தவன் நான். எலிசேயோ இல்லை. நான்.

எலிசேயோ முதுகுகளைத்தான் வரைவான். ரொட்டிக்கு நிற்கிறவர்களின் முதுகு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் முதுகு, கடலைப் பார்த்து நிற்கிறவர்களின் முதுகு. தொண்ணூறுகளில் சோவியத்துக் கப்பல்கள் வருவது நின்று சாயம் இல்லாமல், கித்தான் இல்லாமல், சாப்பாடும் இல்லாமல் கிடந்தபோது ஆரம்பித்தது அது. காப்பிக்கொட்டை வந்த சணல் சாக்கைப் பிரித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுண்ணாம்பையும் தச்சுக்கூடத்துப் பசையையும் குழைத்துப் பூசினோம். அந்த யோசனை என்னுடையதா அவனுடையதா என்று இப்போது யாரிடம் கேட்பது? இரண்டு பேரும் சேர்ந்துதான் குழைத்தோம், இதே அடுக்களையில், பசை நாற்றத்துக்கு சொராய்தா வாசலில் போய் நிற்பாள். அவன் ஒன்று செய்வான், சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே சாக்கைத் திருப்பி, பின்பக்க மூலையில் பெருவிரலை அழுத்தி எடுப்பான். கையெழுத்தே போடமாட்டான், அந்தப் பெருவிரல்தான் அவன் கையெழுத்து. வரைவதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போடுகிற ஓவியன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று நான் சிரிப்பேன். 'வரைஞ்சப்புறம் பயமா இருக்குமே அமாதோ, இப்பவே போட்டுட்டா தப்பிக்க முடியாது' என்பான். முகம் ஏன் வரையமாட்டேன் என்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். 'முகம் கேள்வி கேக்கும்' என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, 'சொராய்தா முகத்தை வரையணும்னு உட்கார்ந்தேன். ரெண்டு தடவை. வரலை' என்றான். அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். கேட்டிருப்பாளா? கதவு திறந்துதான் இருந்தது. கேட்டிருப்பாள். முப்பது வருஷம் ஓர் ஓவியன் கூட வாழ்ந்தும் அவள் முகம் ஒரு காகிதத்தில்கூட இல்லை, முதுகு மட்டும் இருபது படத்தில் இருக்கிறது.

நேர்மையான வேலை. இன்று காலையில் என் வீட்டுக்கும் வந்தாள் இந்த அம்மாள். சொராய்தாதான் அனுப்பினாள், பத்துக் கட்டடம் தள்ளி இருக்கிறது, ஒரு நடை பாருங்கள் என்று. நான் விடியும் முன்பே எழுந்து தரையைக் கழுவினேன், கழுவத் தண்ணீர் முந்தாநாளே பிடித்து வைத்திருந்தேன். பதினான்கு படங்கள், சுவரில் ஒன்பது, கட்டிலில் ஐந்து. எல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள். நீலத் தொட்டி, துருப்பிடித்த தொட்டி, மூடி பறந்துபோன தொட்டி. தண்ணீர்த் தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆறு வருஷமாக அதைத்தான் வரைகிறேன், பகலெல்லாம் அரசாங்கச் சுவர்களில் எழுத்து எழுதிவிட்டு வந்து வரைகிறேன். எழுத்து எழுதுகிற கைதான் வரையவும் வரைகிறது, அதுதான் கோளாறு, எல்லாத் தொட்டியும் எழுத்து மாதிரி அளவெடுத்து நிற்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் என் பக்கம் திரும்பி, போர்த்துகீசிய இழுப்போடு, 'ரொம்ப நேர்மையான வேலை' என்றாள். நான் நன்றி சொன்னேன். அவள் படி இறங்கிப் போன பிறகுதான் அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்தது. சமையல் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் பாத்திரம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வோமே, அப்படி. நேர்மையான வேலை. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரிக் காலையிலிருந்து நாக்கு அங்கேயே போகிறது. நேர்மை. யாரிடம் போய்ச் சொன்னாய் அம்மா, உன் எதிரில் நின்றவன் எவ்வளவு பெரிய பொய்யன் தெரியுமா உனக்கு?

கணையத்தில் கட்டி என்றார்கள், நாலே மாதம். கடைசியில் எலிசேயோவுக்குக் கரண்டி பிடிக்கக் கை எழவில்லை. புதைத்துவிட்டு வந்த பத்தாம் நாள் சொராய்தா வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். 'மூணு படம் பாதியில நிக்குது. நான் பாலிகிளினிக்குக்குப் போயிடுவேன், சாயந்தரம் வந்தா அது என்னைப் பார்த்துக்கிட்டு நிக்குது. முடிச்சுக் குடு, அமாதோ. உனக்குத்தான் அவர் கை தெரியும்.' அவள் அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, காலையில் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். நான் மதியத்தில் வந்தேன். இரண்டு படம் உண்மையிலேயே பாதியில் நின்றது, ஒன்றில் வானம் பாக்கி, இன்னொன்றில் நாலு முதுகு பாக்கி, எலிசேயோ எப்படிச் செய்வானோ அப்படியே செய்தேன், அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது. மூன்றாவது வெறும் சாக்கு. சுண்ணாம்பு பூசிக் காயவைத்தது, பின்னால் மூலையில் பெருவிரல், முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு கோடு இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், பல்லியின் எச்சம் ஒன்று இருந்தது, சுரண்டி எடுத்தேன். அப்படியே விட்டிருக்கலாம். இது வெறும் சாக்கு சொராய்தா, இதில் அவன் எதுவும் ஆரம்பிக்கவில்லை என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அப்புறம் இந்த வீட்டுக்கு வர எனக்கு என்ன காரணம் இருக்கிறது? பதினோரு மதியம். பால்கனியின் இரும்புக் கம்பியிலிருந்து துருவைச் சுரண்டி, எண்ணெயில் அரைத்துப் பழுப்பு எடுத்தேன், அவன் பழைய டப்பாவில் அடியோடு ஒட்டிக் கிடந்த நீலத்தைக் கத்தியால் பெயர்த்தேன். ஒரு பெண், ஜன்னலோரம், முதுகு காட்டி நிற்கிறாள், கையில் ஈரத்துணி. எலிசேயோவின் பெண்தான், அதே தோள், அதே பின்னங்கழுத்து. ஏழாவது மதியமோ எட்டாவதோ, கை தானாக அவள் தலையைத் திருப்ப ஆரம்பித்தது. யாரோ வாசலில் கூப்பிட்ட மாதிரி. பாதி முகம், கன்னத்தின் மேடு, ஒரு கண், அந்தக் கண்ணில் கோபத்துக்கும் கொஞ்சம் முந்தின ஏதோ ஒன்று. நான் தடுக்கவில்லை. இது என் படமில்லையே, எனக்கு என்ன பயம்? என் பெயர் இதில் இருக்கப்போவதில்லை, தப்பானால் அவன் தப்பு, சரியானால் அவன் சரி. வாழ்நாளில் அந்தப் பதினோரு மதியம்தான் என் கை கையாக இருந்தது. முடிந்த அன்று சொராய்தா ஐந்து மணிக்கு வந்தாள், பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. படத்தைப் பார்த்தபடியே நின்றாள். நான் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்ததையே துடைத்தேன். 'இது என் முகம்' என்றாள். நான் தூரிகையை டப்பாவில் போட்டேன். 'சுண்ணாம்புக்கு அடியில இதை அவர் வரைஞ்சு வச்சிருந்தாரா? கோடு இருந்துச்சா?' அவள் குரலில் இருந்ததை என்னவென்று சொல்வது? தண்ணீர் கேட்கிற குரல். 'ஆமா, மெல்லிசா பென்சில் கோடு. நான் அது மேலதான் போனேன்' என்றேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் செத்ததிலிருந்து அழாதவள், அன்றைக்கு அழுதாள்.

அந்தப் பொய்யை நான் இரக்கத்தில் சொன்னேன் என்று ஆறு வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இரக்கமா? பயம். கோடு இல்லை, உன் முகத்தை நானேதான் வரைந்தேன் என்றால் அடுத்த கேள்வி என்ன? மாதிரிக்கு யாரும் உட்காராமல், புகைப்படம் பார்க்காமல், கன்னத்து மேட்டில் அந்த அம்மைத் தழும்புவரை உனக்கு எப்படித் தெரியும் அமாதோ? தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். பசை நாற்றத்துக்கு வாசலில் போய் நின்றவள், யாராவது ஏதாவது சொன்னால் பாதி திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பாதிதான் எனக்குக் கிடைத்தது, அதைத்தான் நான் சேர்த்து வைத்திருந்தேன். என் மனைவி இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள், சண்டையே போடவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு ஈக்வடார் போய்விட்டாள், 'நீ இங்கேயே இரு, உனக்கு இங்கே வேலை இருக்கு' என்றாள் போகும்போது. அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தேன், எலிசேயோ இருந்தபோதும் வந்தேன், செத்த பிறகும் வருகிறேன். குழாய்க்கு வாஷர் மாற்றுவேன், ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவோம், அவள் பேசுவாள், படம் எங்களுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள், 'பாத்தீங்களா, கடைசியில வரைஞ்சார்.' நான் கல்லைப் பொறுக்குவேன். வீட்டுக்குப் போய்ச் சாக்கைக் கட்டி, சுண்ணாம்பு பூசி, முன்னால் உட்கார்ந்தால் கை வராது. என் பெயரில் எனக்குக் கை வரவில்லை. தொட்டிதான் வருகிறது. ஒருநாள் வெறி பிடித்தாற்போல் எலிசேயோ மாதிரியே பின்பக்கம் பெருவிரலை அழுத்திவிட்டு ஆரம்பித்தேன், அவன்தான் நான் என்று நினைத்துக்கொண்டு, அதுவும் தொட்டியாகத்தான் முடிந்தது. அப்படியானால் இதை வரைந்தது யார்? என் கையா? இல்லை, அவன் ஏதாவது என் கைக்குள் விட்டுவிட்டுப் போனானா? சாய்த்துப் பார்த்தபோது கோடு இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? பல்லி எச்சத்தைச் சுரண்டினேனே, அதோடு கோட்டையும் சேர்த்துச் சுரண்டிவிட்டேனோ? இல்லை. இல்லை. கோடு இல்லை. சில ராத்திரி அது இருந்ததாகவே கனவு வருகிறது. பொய்யை ஒருத்தி நம்பி நம்பி, சொன்னவனுக்கே அது வளர்ந்துவிடுகிறது.

இப்போது அவள் திரும்புகிறாள், இனேஸ். கண்ணில் நீர், துடைக்கவில்லை. 'சின்யோரா சொராய்தா, நான் பதினெட்டு வருஷமா அவர் படங்களைப் பார்க்கிறேன்' என்கிறாள். 'இத்தனை முதுகும் இந்த ஒரு முகத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருந்திருக்கு. கடைசியில திரும்ப வச்சுட்டார். இது நடுச்சுவர்ல தனியா இருக்கும். இந்தப் பழுப்பைப் பாருங்க, இது அவரைத் தவிர வேற யாருக்கும் வராது.' பால்கனிக் கம்பியைப் பார்க்கிறேன். சுரண்டின இடம் இன்னும் பளபளவென்று இருக்கிறதா? ஆறு வருஷ உப்புக்காற்றில் அதுவும் துருவேறிவிட்டது. நடுச்சுவரில் தனியாக. என் கை. யாரோ இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து என் கைக்கு முன்னால் கால்மணி நேரம் நின்று அழுகிறார்கள், நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், செத்தவன் மாதிரி. இல்லை, செத்தவன் மாதிரியும் இல்லை, செத்தவனுக்குப் பெயர் இருக்கிறது. சொராய்தா அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நிற்கிறாள். பட்டாணி வறுத்துக் கலந்த ரேஷன் காப்பி, மூன்று கோப்பை, காதுள்ள ஒன்று விருந்தாளிக்கு. அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது. இன்று போனால் படம் போயிற்று. கீழே வேன் நிற்கிறது, ஏற்றுமதி அனுமதிக்கு இன்றே எடுத்துப் போகிறார்கள், அப்புறம் லிஸ்பன், அப்புறம் புத்தகத்தில் அச்சு, அப்புறம் யார் சொல்லியும் ஒன்றும் ஆகாது. இந்த ஒரு மதியம்தான். நாற்காலிக் கை வியர்வையில் வழுக்குகிறது. எழுந்துவிட்டேன்.

'இதை நான் வரைஞ்சேன்' என்கிறேன். குரல் யாருடையதோ மாதிரி வருகிறது. இனேஸ் புரியாமல் பார்க்கிறாள். மறுபடி சொல்கிறேன், 'இது எலிசேயோ வரைஞ்சது இல்லை. அவர் செத்தப்புறம், இந்த அறையில, நான் வரைஞ்சேன். பழுப்பு இந்தக் கம்பியிலிருந்து எடுத்தது. பதினோரு நாள்.' அவள் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறாள், சட்டத்தைத் திருப்புகிறாள், மூலையில் பெருவிரல் தடத்தைப் பார்க்கிறாள், தொடாமல் அதன் மேலாக விரலை ஓட்டுகிறாள். 'இது அவர் ரேகைதானே?' 'ரேகை அவருது. சாக்கு அவருது. சுண்ணாம்பும் அவருது. படம் என்னுது.' அவள் என்னை நிமிர்ந்து பார்க்கிற பார்வை மாறுகிறது. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. காலையில் பதினான்கு தொட்டிகளைப் பார்த்த அதே கண். அவள் மனதில் அந்தத் தொட்டிகள் ஒவ்வொன்றாக வந்து இந்த முகத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன, நீலம், துரு, மூடி பறந்தது, நானே பார்க்கிறேன், நானே நம்பமாட்டேன். 'சின்யோர் அமாதோ' என்கிறாள், மிக மிருதுவாக, நோயாளியிடம் பேசுகிறாற்போல், 'நாற்பது வருஷச் சிநேகிதம். பக்கத்துலயே இருந்திருக்கீங்க. அப்படித் தோணுறது எனக்குப் புரியுது.' 'தோணலை. வரைஞ்சேன்.' 'உங்க வேலையை நான் மதிக்கிறேன். அது வேற மாதிரி...' என்று நிறுத்தி, சொல் தேடுகிறாள், கடவுளே, அந்தச் சொல்லை மறுபடி சொல்லிவிடாதே. சொல்லவில்லை. சொராய்தா பக்கம் திரும்புகிறாள். 'சின்யோரா, இது சிக்கலான விஷயம், நான் கேட்டுத்தான் ஆகணும். உங்களுக்குத் தெரியுமா?' சொராய்தா தட்டை மேஜையில் வைக்கிறாள். கையை இடுப்புத் துணியில் துடைக்கிறாள், ஒரு தடவை, இரண்டு தடவை.

'அமாதோ' என்கிறாள். என்னைத்தான் பார்க்கிறாள், அந்த அம்மாளை இல்லை. 'கோடு இருந்துச்சுன்னு நீதான் சொன்னே.' 'சொன்னேன்.' 'நான் அன்னைக்குக் கேட்டேன். ரெண்டாம் தடவை கேட்கலை. ஆறு வருஷமா கேட்கலை. இப்பக் கேட்கிறேன்.' குரல் உடையவில்லை, அதுதான் பயங்கரம், பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பியின் பெயர் வாசிக்கிற குரல். 'சுண்ணாம்புக்கு அடியில அவர் கோடு இருந்துச்சா, இல்லையா?' அறுபது வயசு முகம், அம்மைத் தழும்பு சுருக்கத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது, கண்ணுக்கடியில் பை, நான் வரைந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறது, இப்போது வரைய வேண்டும், இந்த நிமிஷம், முழுசாகத் திரும்பி என்னைப் பார்க்கிறாளே. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக முழுசாக. இல்லை என்று சொல். இல்லை என்றால் இந்த முகம் என்ன ஆகும்? ஜன்னலோரத்தில் அவளை ஒருவன் பார்த்தான், அது உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த ஒருவன் நான். அவளுக்கு நான் வேண்டுமா? வேண்டியிருந்தால் ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாளாவது தெரிந்திருக்காதா? எத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், இரண்டு தடவை உட்கார்ந்து வரவில்லை என்றவன், சாகிறதுக்கு முன்னால் ஒரு மெல்லிய கோட்டிலாவது தன்னைத் திரும்பிப் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டுதான் இவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ரத்தக் குப்பிகளைக் குலுக்குகிறாள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைக்கவேண்டும். என்னை. தொட்டி வரைகிறவனை. அவளுக்குத் தெரிந்திருக்கிறதோ? அந்த ஐந்து மணியிலேயே தெரிந்துதான் கேட்டாளோ, தண்ணீர் கேட்கிற குரலில் கேட்டதே தெரிந்துதானோ? அவள் கண்ணில் தேடுகிறேன், கெஞ்சல் இருக்கிறதா என்று. இருக்கிறது. இல்லையென்று சொல்லிவிடாதே என்ற கெஞ்சலா, உண்மையைச் சொல்லிவிடு என்ற கெஞ்சலா? எனக்கு அவள் முகம் முழுக்கத் தெரியும், இது மட்டும் தெரியவில்லை. 'இருந்துச்சு' என்கிறேன். அறையில் காற்றே இல்லை. 'கோடு இருந்துச்சு, சொராய்தா. நான் மேல சாயம் வச்சேன், அவ்வளவுதான். வெயில். எனக்குத் தலை சுத்துது.' இனேஸ் மூச்சை விடுகிறாள், சத்தமாகவே விடுகிறாள். சொராய்தா காதுள்ள கோப்பையை எடுத்து என் கையில் கொடுக்கிறாள், விருந்தாளிக்கு வைத்ததை. அவள் விரல் என் விரலில் படுகிறது. ஐஸ் மாதிரி இருக்கிறது. இனேஸ் நோட்டைத் திறக்கிறாள், 'சில பகுதிகளில் நண்பரின் உதவி என்று ஒரு வரி சேர்க்கலாம், விருப்பப்பட்டால்' என்கிறாள். வேண்டாம் என்கிறேன். காப்பியைக் குடிக்கிறேன். சூடு நாக்கைப் பொசுக்குகிறது, அதுவரைக்கும் நல்லது.

படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்து சொராய்தாவும் நானும் படத்தைச் சுற்றுகிறோம், நான் தூக்கிப் பிடிக்க அவள் சுற்றுகிறாள், கயிறு போடுகிறாள். முகம் மறைகிற நேரத்தில் அவள் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. வேன்காரர்கள் இரண்டு பேர் பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், இனேஸ் அவர்களோடு இறங்கிவிட்டாள், படியில் இடித்துவிடாதீர்கள் என்று அவள் சொல்வது கீழே கீழே போகிறது. 'நான் எடுத்துட்டுப் போறேன்' என்கிறேன். 'மெதுவா' என்கிறாள் சொராய்தா. அவ்வளவுதான். நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொள்கிறேன், படம் என் பக்கம், பெருவிரல் வெளிப்பக்கம். ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை. படிக்கட்டில் விளக்கில்லை, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஓட்டைச் செங்கல் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம், கடல் உப்பு வாசனை, யார் வீட்டிலோ பீன்ஸ் வேகும் வாசனை. கால் தெரியவில்லை, சட்டம் மறைக்கிறது, காலால் தடவித் தடவித்தான் இறங்க வேண்டியிருக்கிறது. திரும்பி மேலே ஓடிப்போய், இல்லை சொராய்தா, கோடு இல்லை என்று கத்தலாம். இப்போதுகூட முடியும். மூன்றாம் மாடி. இப்போதுகூட. விரிப்புத் துணியில் அவள் சோப்பு வாசனை, கன்னம் அதில் ஒட்டுகிறது, ஈரமாகிறது, வியர்வைதான், வேறென்ன? இரண்டாம் மாடியில் வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் பெத்ரோனா, பிள்ளைகளெல்லாம் மயாமியில், தனியாக இருக்கிறவள், அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். 'யாரது, அமாதோவா? என்ன அது, பலகையா?' 'படம்.' 'யாரு வரைஞ்சது?' நிற்கிறேன். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. 'நான் வரைஞ்சேன்' என்கிறேன். 'நீயா?' 'நான்தான்.' 'அப்படியா' என்கிறாள் பெத்ரோனா. 'நல்லா வந்திருக்கும். நீ எதையும் அரைகுறையா விடமாட்டியே. பாத்துப் போ, கீழே ரெண்டு படியில தண்ணி கொட்டிட்டேன், வழுக்கும்.' விசிறிக்கொள்கிறாள். துணியை விலக்கிக் காட்டு என்று கேட்கவில்லை, என்னை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. நம்பிவிட்டாள். சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்கிறேன், சரி பெத்ரோனா, பாத்துப் போறேன் என்கிறேன். கீழேயிருந்து வேன்காரர்கள் விசில் அடிக்கிறார்கள், பெரியவரே வாங்க, நேரமாகுது என்கிறார்கள். இன்னும் இருபது படி இருக்கிறது. நான் மெதுவாகத்தான் இறங்குகிறேன்.